சந்தேகம் சாட்சியம் ஆகும் வழி

பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே பதினேழு கிலோமீட்டர் வந்தால், பஸ்ஸிலிருந்தே ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கீழே இருந்த ஜாகிர்தார் ஒருவர் கட்டியது. 1751இல் பக்கத்து வாலிகண்டபுரத்தில் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலிக்காக ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டார்கள். சண்டை வரலாற்றில் நிற்கிறது. அந்த ஜாகிர்தார் வசூலித்த வரியில் எவ்வளவு மேலே போனது, எவ்வளவு மதிலுக்குள் தங்கியது என்ற கணக்கு எங்கும் நிற்கவில்லை. கேட்பதற்கு ஊர்க்காரனுக்கு இடமே இருந்ததில்லை. இன்றைக்கு இடம் உண்டு. அங்கே எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்பதைத்தான் இந்த அத்தியாயம் பேசப்போகிறது.

யாரைப் பிடிக்கலாம்

அரிவாள் எடுக்காமல், பூட்டை உடைக்காமல், பதவியையும் கையெழுத்தையும் வைத்துத் திருடுவதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து 1939இல் ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்று பெயர் வைத்தார். நம் ஊரில் காலரைவிட இஸ்திரி மடிப்புதான் கண்ணில் படும். ஆள் ஒன்றுதான்.

இந்தியாவில் இவர்களுக்கான முதன்மைச் சட்டம் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம். 2018 ஜூலை 26 முதல் அது பெரிதாகத் திருத்தப்பட்ட வடிவில் நடைமுறையில் இருக்கிறது. லஞ்சம் வாங்கும் அரசு ஊழியருக்குப் பிரிவு 7: மூன்று முதல் ஏழு ஆண்டு. ‘சாரை நான் பாத்துக்கறேன்’ என்று நடுவில் நின்று காசு வாங்கும் புரோக்கருக்கு 7ஏ. கொடுப்பவருக்குப் பிரிவு 8. கம்பெனி தன் காரியத்துக்காகக் கொடுத்தால் கம்பெனிக்கே பிரிவு 9இல் அபராதம். சம்மதித்த இயக்குநருக்குப் பிரிவு 10இல் சிறை. பொதுச் சொத்தைச் சுருட்டுவதற்கும் கணக்கில் வராத சொத்து சேர்ப்பதற்கும் பிரிவு 13: நான்கு முதல் பத்து ஆண்டு.

‘அரசு ஊழியர்’ என்ற சொல்லைக் குறுக்கிப் படிக்காதீர்கள். அரசின் நிதியுதவி பெறும் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் இதற்குள் வருவார்கள். 2016இல் ரமேஷ் கெல்லி வழக்கில், தனியார் வங்கியின் தலைவரும் மேலாண்மை இயக்குநரும்கூட இந்தச் சட்டத்தின்படி அரசு ஊழியர்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உரக்கடன் வாங்கப்போன இடத்தில் கமிஷன் கேட்டால் ‘அது சங்கம்தானே’ என்று விட்டுவிட வேண்டாம்.

நிதி நிறுவனத்திலோ நகைச்சீட்டிலோ பணம் போட்டு ஏமாந்தவர்களுக்கு வழி வேறு. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசிடம் போக வேண்டும்.

இரண்டு வழக்குகள், ஒரு பாடம்

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு 2ஜி அலைக்கற்றை வழக்கை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆ.ராசா பெரம்பலூர் மாவட்டம் வேலூர் கிராமத்தில் பிறந்தவர், பெரம்பலூரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2010இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு என்றது. 2011 பிப்ரவரி 2 அன்று ராசா கைதானார். சரியாக ஓராண்டு கழித்து, அதே பிப்ரவரி 2 அன்று, 122 தொலைத்தொடர்பு உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. டீக்கடைகளில் வழக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது.

நீதிமன்றத்தில் முடியவில்லை. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிபதி ஓ.பி. சைனி, ராசா, கனிமொழி உட்பட எல்லோரையும் விடுதலை செய்தார். 2024 மார்ச்சில் சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. யார் சரி என்று நான் இங்கே தீர்ப்பு எழுதப்போவதில்லை. புகார் கொடுக்கப்போகிற எவரும் சைனியின் தீர்ப்பின் தொனியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு வருடம் காத்திருந்தும் சட்டம் ஏற்கும் சாட்சியத்தோடு யாரும் வரவில்லை என்று நீதிபதி அதில் சலித்துக்கொள்கிறார். ஊரெல்லாம் பேசிக்கொள்வதற்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை என்கிறார். கோப்பின் ஓரத்தில் அதிகாரிகள் கிறுக்கிய குறிப்புகள் படிக்கவே முடியாதபடி இருந்தன என்றும் சொல்கிறார். ராசாவோ 2014இல் தனக்குத் தானே சாட்சியாகக் கூண்டேறினார். உரிமம் கொடுத்த முறை தவறு என்று உரிமத்தை ரத்து செய்வது வேறு. அந்தத் தவறுக்குக் கைமாறாக இன்னார் இதை வாங்கினார் என்று ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது வேறு. முன்னதற்குக் கோப்பு போதும். பின்னதற்குச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது.

இன்னொன்று, ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு. 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி சென்னை நீதிமன்றத்தில் கொடுத்த தனியார் புகாரில் தொடங்கியது. 1991 முதல் 1996 வரை என்று காலம் வரையறுத்து, அந்தக் காலத்து வருமானத்துக்கும் சேர்ந்த சொத்துக்கும் இடையிலான இடைவெளியைக் கணக்காகவே வைத்தார்கள். பத்திரப் பதிவு, வங்கிக் கணக்கு, கம்பெனிப் பதிவு என்று எல்லாமே காகிதம். தமிழ்நாட்டில் சாட்சிகள் பிறழ ஆரம்பித்தபோது, தி.மு.க.வின் க. அன்பழகன் மனுவின்மேல் 2003இல் வழக்கு கர்நாடகத்துக்கு மாறியது. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்ஹா தண்டனை கொடுத்தார். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் கடன்தொகையைக் கூட்டியதில் பிழை இருந்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டது. ஜெயலலிதா அதற்கு முன்பே, 2016 டிசம்பரில், காலமாகியிருந்தார். கூடக் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவர் சிறை போனார்கள். இருபது வருடத்தில் அரசு மாறியது, மாநிலம் மாறியது, நீதிபதிகள் மாறினார்கள். சாட்சி மாற்றிச் சொல்லலாம், சார் பதிவாளர் முத்திரை மாற்றிச் சொல்லாது.

நம் காரியம் இவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் இதே சோதனைதான் நமக்கும்.

கேட்கும்போது செய்ய வேண்டியது

பட்டா உட்பிரிவு செய்ய சர்வேயர் வர வேண்டும். இ-சேவை மையத்தில் மனு போட்டு ரசீது வாங்கியாயிற்று. போன் போட்டால், “பாத்து செய்யுங்கண்ணே, நான் மட்டுமா, மேல வரைக்கும் போவணும்” என்கிறார்.

அந்த நிமிடம் கத்தாதீர்கள். மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். “சோளம் போட்ட காசு இன்னும் கைக்கு வரல சார், ரெண்டு நாள் டைம் கொடுங்க” என்று நகர்ந்துவிடுங்கள். இந்த இரண்டு நாள்தான் உங்கள் மூலதனம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, மணி, இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, கேட்ட தொகை, பக்கத்தில் யார் இருந்தார்கள். ஐயாயிரம் கேட்டதைப் பத்தாயிரம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய தொகையாக இருந்தால் வேகமாகப் பிடிப்பார்கள் என்று நினைப்பு. குறுக்கு விசாரணையில் வழக்கு அங்கேதான் சாயும். போனில் பேச்சு பதிவாகியிருந்தால் அந்த போனைத் தொடாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டால், கையிலிருப்பது வெறும் சத்தம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது.

பிறகு லஞ்ச ஒழிப்பு போலீஸ். முழுப்பெயர் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம், 1964 முதல் இருக்கிறது. தலைமை அலுவலகம் சென்னை ஆலந்தூரில். மாவட்டப் பிரிவு பெரம்பலூரிலேயே உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1064. போனில் சொல்லலாம், ஆனால் பொறி வைக்க உங்கள் கையெழுத்திட்ட புகார் வேண்டும். மனு ரசீதின் நகலைக் கட்டாயம் இணையுங்கள். அந்தத் தேதியில் அந்த வேலை அவரிடம் நிலுவையில் இருந்ததா என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி.

அங்கே நடப்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். வேறு துறை அரசு ஊழியர் இருவரைச் சாட்சியாக வரவழைப்பார்கள். உங்கள் நோட்டுகளின் எண்களை எழுதி, பினாப்தலீன் பவுடர் தடவுவார்கள். சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் அந்தப் பவுடர் பட்ட விரலை நனைத்தால் ரோஸ் நிறமாகும். அதையும் செய்து காட்டி மகஜர் எழுதுவார்கள். சாட்சிகளில் ஒருவர் உங்கள் உறவுக்காரர்போலக் கூட வருவார். காரியம் முடிந்ததும் காட்ட ஒரு சைகை சொல்லித் தருவார்கள், துண்டால் முகம் துடைப்பது மாதிரி.

இனி நடக்க வேண்டியதில் மூன்று எச்சரிக்கை. வழியில் யாரோடும் கைகுலுக்காதீர்கள், பவுடர் இடம் மாறும். நீங்களாகப் பணத்தை நீட்டாதீர்கள்; அவர் வாயால் கேட்க வேண்டும், அதைக் கூட வந்தவர் காதால் கேட்க வேண்டும். மேஜையிலோ சட்டைப் பையிலோ திணிக்கவே கூடாது. பணம் பிடிபட்டது மட்டும் போதாது, கேட்டது நிரூபணமாக வேண்டும் என்று 2014இல் பி. ஜெயராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதோடு ஒன்றைச் சேர்த்தது: புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்ந்தாலும், மற்ற சாட்சிகளையும் சூழ்நிலையையும் வைத்து அந்தக் ‘கேட்டார்’ என்பதை நிரூபிக்கலாம். கூட வந்தவரின் காது எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீசிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் பிரிவு 8 உங்கள்மேல் பாயாது. எட்டாம் நாள் போனால் வாங்கினவருக்குப் பக்கத்தில் நீங்களும் நிற்க நேரலாம். முன்கூட்டியே போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பொறிக்காகக் கொடுப்பதும் குற்றமாகாது.

பொறிக்குக் கொடுத்த நோட்டுகள் வழக்குச் சொத்தாகிவிடும்; பணம் திரும்பும் வழியை அன்றைக்கே கேட்டு வையுங்கள். பட்டா வேலை அப்படியே கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். என் சித்தப்பா ஒருவர், பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், ஆளைப் பிடித்துக் கொடுத்தார். பிறகு ஒன்றரை வருடம் அந்த அலுவலகத்தில் யாரும் அவர் மனுவைக் கையால் தொடவில்லை. வேறொரு அலுவலர் வழியாக வேலையை முடித்துத் தரும்படி ஆட்சியருக்கு மறுநாளே மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். சித்தப்பா இதைச் செய்யவில்லை.

கேட்காமலே எடுப்பவர்கள்

சர்வேயர் சின்ன மீன். பெரிய திருட்டில் யாரும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். பெரம்பலூரில் கல்குவாரியும் கிரஷரும், அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலையும். இரண்டு மாவட்டத்தின் சொத்தும் மண்ணுக்கடியில். அனுமதித்த ஆழத்துக்குக் கீழே ஒரு மீட்டர் தோண்டினால் ஊருக்குத் தெரியாது, அரசுக்கும் காசு வராது. அதைப் பார்க்காமலிருக்க ஒருவருக்கு ஏதோ கைமாறியிருந்தால், அதுதான் நமக்கான வழக்கு.

தகவல் உரிமைச் சட்டம் 2005 இதற்கான கடப்பாரை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபால். முப்பது நாள். பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு தொண்ணூறு நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. ‘குவாரியில் ஏன் ஊழல் நடக்கிறது?’ என்று கேட்டால் ‘தகவல் இல்லை’ என்றுதான் பதில் வரும், சட்டப்படி அது சரியான பதிலும்கூட. இப்படிக் கேளுங்கள்: இன்ன சர்வே எண்ணில் குத்தகைக் காலம், அனுமதித்த ஆழம், மொத்தக் கன மீட்டர், மாதவாரியாக வழங்கிய நடைச்சீட்டு எண்ணிக்கை, கட்டிய சீனியரேஜ் தொகை, கடைசியாக ஆய்வு செய்த தேதி, ஆய்வறிக்கை நகல். ஒவ்வொன்றும் ஒரு எண் அல்லது ஒரு காகிதம். குத்தகைக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தையும் இன்றைய படத்தையும் கூகுள் எர்த்தில் பக்கத்தில் வைத்தால் மீதி தெரியும்.

ஆளைப் பற்றிய காகிதமும் கொஞ்சம் வெளியே கிடைக்கிறது. பதிவுத் துறை இணையத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நூறு ரூபாய்க்கு ஒரு கம்பெனியின் இயக்குநர், பங்குதாரர் விவரம் பார்க்கலாம். தேர்தலில் நின்றவர் என்றால் படிவம் 26இல் சொத்துக்கணக்கு. குத்தகைக் கம்பெனியின் இயக்குநர் பட்டியலில் ஆய்வு செய்த அதிகாரியின் மைத்துனர் இருந்தால், அதை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். ஆனால் புகாரில் ‘கூட்டுக்கொள்ளை’ என்று எழுதாதீர்கள். இரண்டு காகிதத்தையும் இணைத்து, விசாரிக்கும்படி கேளுங்கள். அவதூறு வழக்கு போடுவதில் இவர்கள் சோம்பேறிகள் அல்லர்.

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஆற்றுமணல் விவகாரத்தில் 2023இல் அமலாக்கத் துறை கான்பூர் ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்தே அள்ளிய மணலை அளந்தது. ஆனாலும் 2024 ஜூலையில், ஒப்பந்ததாரர்கள்மீதான நடவடிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பணமோசடிச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மூலக் குற்றம் ஒன்று இருந்தால்தான் அமலாக்கத் துறை உள்ளே வர முடியும். திருட்டு மணல் அள்ளுவது அந்தப் பட்டியலில் இல்லை. அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அடியில் முதல் தகவல் அறிக்கை இல்லாவிட்டால் மேலே கட்டியது நிற்காது.

அனுமதி என்ற பூட்டு

பொறிவைத்த வழக்கில் விசாரணையைத் தொடங்க யாருடைய முன் அனுமதியும் வேண்டாம். குவாரி போன்ற, ஓர் அதிகாரியின் முடிவு சம்பந்தப்பட்ட புகாரில், 2018இல் வந்த பிரிவு 17ஏ குறுக்கே நிற்கிறது. விசாரணையைத் தொடங்கவே அரசின் ஒப்புதல் தேவை. இரண்டு வகை வழக்கிலும், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்தில் ஏற்கப்படப் பிரிவு 19இன்கீழ் தனியாக ஓர் அனுமதி வேண்டும். என் கருத்தில் 17ஏ நேர்மையான அதிகாரியைவிட மற்றவரைத்தான் அதிகம் காக்கிறது. இருக்கும்வரை அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

ராசா விவகாரம் இங்கேயும் வருகிறது. அப்போது மத்திய அமைச்சராக இருந்த அவர்மேல் வழக்குத் தொடர அனுமதி கேட்டு சுப்பிரமணியன் சுவாமி 2008இல் பிரதமருக்கு எழுதினார். ஓராண்டுக்கும் மேல் பதிலில்லை. 2012 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம், அனுமதி கேட்கக் குடிமகனுக்கும் உரிமை உண்டு, அதிகாரி அதைக் காலவரையின்றிப் போட்டுவைக்க முடியாது என்றது. இப்போது சட்டமே மூன்று மாதம், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்கிறது. தனிநபர் என்றால் முதலில் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்து, நீதிமன்றம் அதைத் தள்ளாமல் அனுமதி பெற்றுவரச் சொன்ன பிறகே கேட்க முடியும். இந்த இடத்தில் வக்கீல் இல்லாமல் இறங்க வேண்டாம். 17ஏ கோப்பு எந்த அலுவலகத்தில், எந்தத் தேதி முதல் இருக்கிறது என்று மட்டும் தகவல் உரிமையில் மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருங்கள். கோப்பைத் தேட ஆரம்பித்தால்தான் அது நகரும்.

உயிர் முதலில்

இதை மறைத்துவிட்டு வழிகாட்டி எழுதினால் அது மோசடி. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் கொல்லப்பட்டார். தூத்துக்குடி முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரலில் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டப்பட்டார். குவாரி முறைகேடுகளை எதிர்த்த திருமயம் ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். திருமயம் நமக்குத் தூரமில்லை.

2014இல் நிறைவேறிய இடித்துரைப்போர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம்தான் கையில் இருக்கிறது. மிரட்டல் வந்த அன்றே அதன்கீழ் எழுத்தில் மனு கொடுங்கள். குவாரிப் புகாரில் ஒற்றைப் பெயர் வேண்டாம். ஊரில் பத்துப் பதினைந்து பேர், முடிந்தால் கிராமசபைத் தீர்மானம். காகிதங்களின் ஒரு செட் வெளியூரில், நம்பிக்கையான வக்கீலிடமோ மகன் வீட்டிலோ இருக்கட்டும். அப்படி இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியும்படியும் நடந்துகொள்ளுங்கள். டீக்கடையில் புகாரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

கூண்டேறும் நாள்

இரண்டு ஆண்டுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் சாதாரணமாக மொத்தம் நான்கைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்குச் சம்மன் வரும்போது அந்த சர்வேயர் வேறு தாலுகாவில் இருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம். அவர் உறவுக்காரர் யாராவது ஒரு பெரிய மனிதரோடு வீட்டுக்கு வந்து, “பிள்ளைக்குட்டிக்காரன், விட்ருங்க மாமா” என்று கேட்கவும் கூடும். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், வழக்கைப் பேசாதீர்கள். வந்த தேதியை நோட்டில் எழுதுங்கள்.

முதல் நாள் இரவு உங்கள் புகாரின் நகலையும் நோட்டையும் இரண்டு முறை படியுங்கள். கூண்டில், தெரிந்ததைத் தெரியும் என்றும் மறந்ததை நினைவில்லை என்றும் சொல்லுங்கள். கேட்ட தொகையைச் சொல்லும்போது மட்டும் நீதிபதியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள், தட்டச்சில் ஏற வேண்டும். இறங்கும்போது சாட்சிப் படியை, பஸ் செலவு உட்பட, நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு கையெழுத்து உண்டு. காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.